பழைய தூரில் புதுக் கொழுந்து

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் படிக்கட்டின் ஓரத்தில் என் நண்பரின் தட்டச்சுக் கடை இருக்கிறது. மழை விடாத ஓர் ஆடி மாதப் பிற்பகலில், தோட்டத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மகளின் விண்ணப்பப் படிவத்தை அச்செடுக்கக் காத்திருந்தார். படிவம் அன்றைய தபாலில் போய்ச் சேர வேண்டும். கடையில் வேலைக்கு இருந்த ஒரே கணினியோ, அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று அறிவித்துவிட்டு முப்பது சதவீதத்தில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் போயிற்று. "தம்பி, பத்து வருடத்துக்கு முன்னால் வந்தபோதும் இது இப்படித்தான் உட்கார வைத்தது. இந்த இயந்திரம் வளரவே வளராதா?" என்று அவர் கேட்டார். "கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்பதற்கு மேல் எனக்கு அப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மகள் கொடுத்தனுப்பிய பென் டிரைவை எடுத்துக்கொண்டு மழையில் எதிர்க்கடைக்கு ஓடினோம்.

அவர் கேட்டது முழுக்க முழுக்க நியாயமான கேள்வி. அதற்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

கணினியின் சில்லு, நினைவகம், வன்தட்டு, அச்சியந்திரம் ஆகியவற்றுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவே நின்று வேலையைப் பங்கிடுவதுதான் இயங்குதளம். நம் பாடநூல்கள் இதைப் பணிசெயல் முறைமை என்கின்றன. ஒரு மென்பொருளுக்குக் கோப்பைத் திறக்க வேண்டுமானாலும், ஒரு வரியை அச்சிட வேண்டுமானாலும், அது தானாகச் செய்ய முடியாது; இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது, என்ன பதில் வரும் என்பதற்கு வகுத்த முறைகள் உண்டு. அந்த முறைகளை நம்பித்தான் உலகில் இலட்சக்கணக்கான மென்பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு முறையை மாற்றினால் அதை நம்பிய அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகும்.

இதை நேரில் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. விண்டோஸ் 10 உள்ள கணினியில் ஒரு புதிய கோப்புறையை உருவாக்கி, அதற்கு சி, ஓ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பெயராகக் கொடுத்துப் பாருங்கள். ஏற்காது. 1981இல் வந்த எம்.எஸ். டாஸ் என்ற மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளத்தில் அந்த மூன்றெழுத்து திரையையும் விசைப்பலகையையும் குறிக்கும் பெயராக இருந்தது. அப்போது கோப்புறை என்ற ஒன்றே கிடையாது; எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் கிடந்தன. 1983இல் கோப்புறைகள் வந்தபோது, பழைய மென்பொருள்கள் எந்தக் கோப்புறைக்குள் இருந்தாலும் அந்தப் பெயரால் திரையை அழைக்க முடிய வேண்டும் என்று அதை எல்லா இடத்திலும் ஒதுக்கி வைத்தார்கள். அந்த ஒதுக்கீடுதான் இன்றும் உங்கள் கையைத் தடுக்கிறது. 1924இல் பதுளை வரை போய்ச் சேர்ந்த நம் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்துவிட்டது. ஆனால் வண்டி எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை இன்றும் தீர்மானிப்பவை அன்று மலையைச் சுற்றிப் போட்ட வளைவுகள்தான்.

பழைய மென்பொருளின் தவறுகளைக்கூடப் புதிய இயங்குதளம் சுமக்க வேண்டியிருக்கிறது. சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. நினைவகத்தில் தான் பயன்படுத்திய இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு அதே இடத்தை மறுபடி எட்டிப் பார்க்கும். லயத்துக் காம்பராவைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, மறுநாள் மறந்துவைத்த பெட்டியைத் தேடி அதே காம்பராவுக்குள் நுழைவது போன்றது. பழைய இயங்குதளத்தில் காம்பரா உடனே வேறு ஆளுக்குப் போகாது; பெட்டி அங்கேயே இருக்கும், பிழை யார் கண்ணிலும் படவில்லை. விண்டோஸ் 95 நினைவகத்தைச் சிக்கனமாகக் கையாண்டு, காலியான இடத்தை உடனே வேறு வேலைக்குக் கொடுத்தது, விளையாட்டு முறிந்தது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, அதற்கு மட்டும் இடத்தை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும் ஒரு விதியை இயங்குதளத்துக்குள் எழுதினார்கள். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு நின்றுபோனால் மக்கள் புதிய இயங்குதளத்தைத்தான் குறை சொல்வார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்படிப்பட்ட சிறப்பு விதிகளின் பெரிய பட்டியலே விண்டோஸுக்குள் இருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினால் என்ன? மலையகத்தில் பிறந்தவருக்கு இதன் விடை புரியும். விதைத் தேயிலை நட்ட பழைய மலை ஒன்றைப் பிடுங்கி, தண்டை வெட்டி வளர்த்த கன்றான வீ.பி. தேயிலை வைக்க வேண்டுமானால், முதலில் தூர்களைக் கிளப்ப வேண்டும். பிறகு மண் ஆறுவதற்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலாப் புல்லை வளர்க்க வேண்டும். அதற்குப் பின் கன்று நட்டு, அது முழுக் கொழுந்து தர இன்னும் சில ஆண்டுகள். மொத்தம் ஐந்தாண்டுக்குக் குறையாமல் அந்த மலையில் முழு வருமானம் இல்லை. அதனால்தான் நூறு வயதைத் தாண்டிய தூர்கள் இன்னும் நிற்கின்றன. நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். மேலே புதுக் கொழுந்து வருகிறது, அடியில் அதே தூர்.

மைக்ரோசாஃப்ட் ஒரு முறை பெரிய அளவில் பிடுங்கிப் பார்த்தது. 2001இல், விண்டோஸ் எக்ஸ்.பி. வந்த அதே ஆண்டில், லாங்ஹார்ன் என்ற பெயரில் அடுத்த இயங்குதளத்தைத் தொடங்கி, கோப்புகளைச் சேமிக்கும் முறை உட்படப் பலவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முயன்றார்கள். ஒன்றை மாற்ற இன்னொன்று முறிந்தது. 2004இல் செய்ததில் பெரும் பகுதியைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். 2007 ஜனவரியில் விஸ்டா என்ற பெயரில் அது பொதுமக்கள் கைக்கு வந்தபோது ஐந்தாண்டுக்கு மேல் ஓடியிருந்தது. வந்த பின்னும் பலருடைய அச்சியந்திரங்களும் ஸ்கேனர்களும் வேலை செய்யவில்லை, ஏனென்றால் அவற்றை இயங்குதளத்தோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்களான இயக்கிகள் பழைய முறையில் எழுதப்பட்டிருந்தன. ஆப்பிளின் கதையும் இதுவே. கோப்லண்ட் என்ற புதிய இயங்குதளத்தை 1996இல் பாதியில் கைவிட்டு, நெக்ஸ்ட் நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அதன் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டு 2001இல்தான் மேக் ஓ.எஸ். டென் வந்தது. அங்கும் ஐந்தாண்டு. பிற்காலத்தில் ஆப்பிள் துணிந்து பிடுங்கக் கற்றுக்கொண்டது. 2019இல் 32 பிட் என்ற பழைய வகை மென்பொருள்களை ஒரே அடியாக நிறுத்தியது. இயங்குதளம் இலகுவானது உண்மை. பழைய மென்பொருளை நம்பியிருந்தவர்கள் அதற்கு விலை கொடுத்ததும் உண்மை.

இன்றைய விண்டோஸ் 11இன் அடியில் இருப்பது 1988இல் மைக்ரோசாஃப்டில் டேவ் கட்லரின் குழு எழுதத் தொடங்கி 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யின் உட்கருவின், அதாவது அதன் மையப் பகுதியின், வழித்தோன்றல். அதே தூர்தான்.

ஆனால் பெரியவர் சொன்னதில் ஒன்றை மறுக்க வேண்டும். வளர்ச்சி நடந்திருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்திருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களை மறந்திருக்க மாட்டோம். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போகும். விண்டோஸ் 98 காலத்தில் அப்படி ஒரு முறை போனால் அடுத்து இயக்கும்போது வன்தட்டு முழுவதையும் சரிபார்க்க ஓடும்; சில நேரம் கோப்புகள் சிதறிப்போகும். 2022இல் பெரும்பாலான கணினிகள் மின்சாரம் வந்ததும் ஒன்றும் நடக்காதது போல் எழுந்தன. காரணம், நாட்குறிப்பு முறை. கணக்கப்பிள்ளை மலையில் கொழுந்து நிறுத்ததும் கையிலுள்ள புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார். தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஏற்றுவது பிறகு. ஏற்றும்போது நடுவில் ஏதும் தடைப்பட்டால் கைப்புத்தகத்தைப் பார்த்து மறுபடி எழுதலாம். இன்றைய கோப்பு முறைகளும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அமைப்பில் ஒரு மாற்றம் செய்யும் முன், செய்யப்போவதை ஒரு தனி ஏட்டில் எழுதிவைக்கின்றன. மின்சாரம் போனால், வந்ததும் அந்த ஏட்டைப் படித்துப் பாதியில் நின்றதை முடிக்கின்றன அல்லது அழித்துவிடுகின்றன. நீங்கள் சேமிக்காத வரிகள் போகலாம். கோப்புகளின் கட்டமைப்பு சிதையாது. இதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஏனென்றால் கெட்டது நடக்காதபோது நாம் கவனிப்பதில்லை.

அந்த முப்பது சதவீதத்துக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் கோப்பை அழித்துவிட்டு வேறொன்றை வைக்க விண்டோஸ் விடாது. இயங்குதளத்தின் முக்கியக் கோப்புகள் கணினி ஓடும்வரை பயன்பாட்டில் இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் நிறுத்தி, அணைத்து எழுப்பும் அந்த இடைவெளியில்தான் மாற்ற முடியும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் வேறு வழியில் போகிறது. அங்கே கோப்பின் பெயர் ஒரு சீட்டு மட்டுமே. சீட்டைக் கழற்றிப் புதிய கோப்பில் ஒட்டலாம், பழையதைப் பிடித்திருக்கும் மென்பொருள் வேலை முடியும்வரை அதையே வைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலான மாற்றங்கள் வேலைக்கு நடுவிலேயே நடந்துவிடும், உட்கருவை மாற்றினால் மட்டும் மறுபடி இயக்க வேண்டும்.

இன்னொரு காரணம் நம் மலைநாட்டுக் கடைகளுக்கு மிகவும் பொருந்தும். ஒரு அப்டேட் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடுகிறது. இங்கே உள்ள கணினிகளில் பல கொழும்பில் பாவித்துக் கழித்தவை. உள்ளே சுழலும் வன்தட்டு. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி எடுக்கும்; வேண்டிய துண்டு வந்து சேரச் சராசரியாகப் பாதிச் சுற்று, ஐந்தரை மில்லிநொடி, காத்திருக்க வேண்டும். படிக்கும் முனை சரியான வட்டத்துக்கு நகர இன்னும் பத்து மில்லிநொடி அளவு. கூட்டிப் பார்த்தால், வெவ்வேறு இடத்தில் கிடக்கும் சிறு துண்டுகளை நொடிக்கு அறுபது, எழுபது தடவைதான் எடுக்க முடியும். அசையும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. அதையே நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்யும். இயங்குதளத்தை எழுதுபவர்களின் மேசையில் இருப்பது எஸ்.எஸ்.டி. அவர்களுக்கு ஐந்து நிமிடமாகத் தெரிவது ஹட்டனில் ஒரு பிற்பகலாகிவிடுகிறது. வன்பொருள் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மந்தமாகிறது என்று சுவிட்சர்லாந்துக் கணினியியலாளர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே எச்சரித்தார். சில்லு தரும் கூடுதல் வேகத்தைப் புதிய அடுக்குகள் உடனே தின்றுவிடுகின்றன.

பழையதை விட முடியாமல் இருப்பது நிறுவனங்கள் மட்டுமல்ல, நாமும்தான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. விண்டோஸ் 2000 தமிழை யூனிகோடில் காட்டியது. ஆனாலும் நம் கடைகளில் பாமினி எழுத்துரு இன்னும் ஓடுகிறது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவற்றின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. ஏன் விடவில்லை? என் நண்பரின் விரல்களுக்கு அந்த விசையமைப்புத்தான் பழக்கம். அவருடைய பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடுத் தமிழ் உடைந்து தெரிகிறது. இருபது ஆண்டு மனுக்களும் அழைப்பிதழ்களும் நினைவுமலர்களும் அந்த வடிவில் கிடக்கின்றன. கடையை ஒரு மாதம் மூடிவிட்டுத்தான் எல்லாவற்றையும் மாற்ற முடியும். அவரால் மூட முடியாது. உலகத்துக்கே மென்பொருள் விற்பவருக்கு இதே கணக்கு கோடி மடங்கு பெரிதாக வருகிறது.

இவ்வளவும் புரிந்த பின்னும் எனக்கு ஒரு கோபம் மிச்சம் இருக்கிறது. பழைய மென்பொருளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக மெல்ல நடக்கிறார்கள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பழைய இயந்திரத்துக்கு அந்தப் பரிவு ஏன் இல்லை? விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் அப்போது ஓராண்டு நீட்டிப்புக் கொடுத்தார்கள். விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் சில்லு என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அது 2017இல் வந்தது. 2015இல் வாங்கி இன்றும் குறையின்றி ஓடும் கணினி, படிவம் நிரப்பவும் கடிதம் அடிக்கவும் தாராளமாகப் போதும். அதை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கச் சொன்னால், நாட்கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பமும், நன்கொடையாக வந்த கணினிகளை வைத்து ஆய்வுகூடம் நடத்தும் தோட்டப் பாடசாலையும் எங்கே போவார்கள்? டி.பி.எம். பாதுகாப்பைக் கூட்டுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அது இல்லாத கணினியை அந்த நீட்டிப்புக்குப் பின் எந்தத் திருத்தமும் இல்லாமல் விட்டுவிடுவது எந்த வகையில் பாதுகாப்பு?

நண்பரின் கடையில் போன மாதம் இரண்டு வேலை செய்தோம். வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டு, நினைவகத்தை எட்டு ஜிகாபைட்டாக்கினோம். மூலையில் தூசி படிந்து கிடந்த இன்னொரு பழைய கணினியில் லினக்ஸை நிறுவினோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அந்த உட்கருவில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம், மேலே ஓடும் மென்பொருளை மட்டும் முறிக்கக் கூடாது. தமிழ் விசைப்பலகை அதிலேயே இருந்தது. நண்பர் நம்பிக்கையில்லாமல் ஒரு பழைய குறுவட்டைத் தேடி எடுத்தார். 2004இல் ஒரு தோட்டத்து மக்கள் குடிநீர்க் குழாய் கேட்டு எழுதிய மனு அதில் இருந்தது. திறந்ததும் திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். பாமினி எழுத்துருவை நகலெடுத்துப் போட்டு மறுபடி திறந்தோம். "மதிப்பிற்குரிய ஐயா" என்று மனு தொடங்கியது. அவர் முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்து முடித்துவிட்டு, அதை அப்படியே யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னார்.