ஹோமேஜ் வாட்ச்சுக்குத் தமிழ் என்ன?

கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கோர்க்கும் ஆசை இப்போது கீழக்கரை, இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளையும் பிடித்திருக்கிறது. நல்ல ஆசை. கூடவே ‘அஞ்சலிக் கடிகாரம்’ என்றொரு சொல்லும் வந்து ஒட்டிக்கொண்டது. ‘ஹோமேஜ் வாட்ச்’ என்பதன் தமிழாம். காணொளியில் கேட்டேன், விளம்பரத்தில் படித்தேன், கடைசியில் தெருவில் ஒரு தம்பியே “காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன்), இது அஞ்சலி வாட்ச்” என்று கையை நீட்டினான். இனிப் பேசாமல் இருப்பது சரியல்ல.

புகழ்பெற்ற கடிகாரம் ஒன்றின் வடிவை அடியொற்றி, ஆனால் அதன் பெயரையும் முத்திரையையும் போடாமல் செய்வதுதான் ஹோமேஜ். 1953இல் வந்த ரோலக்ஸ் சப்மரினரின் கறுப்பு டயலும் திருகும் வளையமும் இப்படிப் பலமுறை அடியொற்றப்பட்டவை. வீட்டில் கோர்ப்பவர்கள் கேஸ், டயல், முள், கண்ணாடி எல்லாம் தனித்தனியே வாங்கி, பெரும்பாலும் சீகோவின் என்எச்35 என்ற, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் மிஷினை உள்ளே வைக்கிறார்கள். விநாடி முள்ளின் துளை 0.2 மில்லிமீட்டர்தான், அதை மாட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் கரையின் உப்புக் காற்றுக்கு, பின்மூடியின் ரப்பர் வாஷரில் சிலிக்கோன் கிரீஸ் தடவாமல் மூடவே கூடாது.

ஹோமேஜ் பழைய பிரெஞ்சுச் சொல். அதன் வேர் மனிதனைக் குறிக்கும் இலத்தீன் ‘ஹோமோ’. தலைவன் முன் மண்டியிட்டு, கூப்பிய கையை அவன் கைகளுக்குள் வைத்து, ‘நான் உம்முடைய ஆள்’ என்று உறுதி சொன்ன ஐரோப்பியச் சடங்கின் பெயர் அது. சேதுபதி சீமையில் ‘அவரு யாரு ஆளு?’ என்று கேட்கிறோமே, அந்த ‘ஆள்’. பின்னால் மரியாதை என்றாகி, முன்னோர் படைப்பை வெளிப்படையாகப் பின்பற்றுவதையும் குறித்தது.

அஞ்சலி என்றாலும் கைகூப்பல்தானே, கச்சிதமாகப் பொருந்துகிறதே என்பார்கள். வேர் பொருந்துகிறது, வழக்கு பொருந்தவில்லை. இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுச் சுவரைப் பாருங்கள்: ‘கண்ணீர் அஞ்சலி’, ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’. இன்றைய தமிழனின் காதில் அஞ்சலி இறந்தவருக்கு உரியது. சப்மரினரோ இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதோடு, வணங்குவது வேறு, வடிவை எடுத்தாள்வது வேறு. அஞ்சலி என்ற சொல்லில் எடுத்தாளல் எங்கே இருக்கிறது?

இன்னொரு சாரார் ‘போலிக் கடிகாரம்’ என்கிறார்கள். இது அநியாயம். பிறர் முத்திரையைத் திருடிப் போட்டால்தான் போலி. கடைத்தெருவில் அதற்கு டூப்ளிகேட், ஃபர்ஸ்ட் காப்பி என்று தெளிவான பெயர்கள் உண்டு. ‘அறம்’ ‘அறன்’ ஆவதை இலக்கணம் கடைப்போலி என்கிறதே, அங்கே இழிவு இல்லையே என்று ஒரு புலவர் வாதாடினார். உண்மைதான். ஆனால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்று கேட்டுப் பழகிய ஊரில் அந்த இலக்கணப் பொருளை யார் நினைப்பார்கள்? மாதக்கணக்கில் காசு சேர்த்து நேர்மையாகக் கோர்த்த பிள்ளையின் தலையில் திருட்டுப் பட்டம் விழுகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதே இல்லை. வாட்ச்சின் ‘மூவ்மென்ட்’டை ‘இயக்கம்’ என்று எழுதுகிறார்கள். ‘சீகோ இயக்கம்’ என்றால் ஏதோ கட்சி என்றுதான் படும். ரிப்பேர் கடைக்காரர் காலமெல்லாம் மிஷின் என்கிறார். அதைவிடக் கொடுமை, முள்ளைக் ‘கைகள்’ என்பது. முள் என்ற நல்ல தமிழ் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க, அகராதியின் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும்?

என் தேர்வு ‘வழிக் கடிகாரம்’. முதல்நூலோடு முடிவில் ஒத்து, ‘பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி’ வருவது வழிநூல் என்கிறது நன்னூல். ஹோமேஜுக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் எங்கும் கிடைக்காது: வடிவம் முன்னோருடையது, டயல் நிறமும் முள்ளும் கோர்ப்பவர் விருப்பம். வழிநூலை எவரும் திருட்டு என்றதில்லை, அஞ்சலி என்றதும் இல்லை. வழி என்றால் பாதை என்று மயங்குவார்களே என்ற தடை எழலாம். வழிமொழிதல், வழித்தோன்றல் என்பவற்றில் மயங்காதவர்கள் இதிலும் மயங்க மாட்டார்கள்.

நூலின் முன்னுரையான பாயிரத்தில் சொல்லியே ஆக வேண்டியவற்றுள், ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’யையும் வைத்திருக்கிறது நன்னூல். ஆகவே கோர்த்ததை விற்கிறவர்கள் பெட்டியின் மேல் இப்படி எழுதட்டும்: கோர்த்தவர் இன்னார், வழி சப்மரினர், மிஷின் என்எச்35.