அந்த நாலு பேர் யார்?

கடனில் சிக்கியவர்களுக்குக் கணக்கை நேராக்கிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களிடம் முதலில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுப்பேன். நடுவில் ஒரு கோடு கிழித்திருக்கும். இடது பக்கம் தவிர்க்க முடியாத செலவு, வலது பக்கம் தவிர்த்திருக்கக்கூடிய செலவு. எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் பதினைந்து நிமிடம் வெளியே போய்விடுவேன். திரும்பி வந்து பார்த்தால் பெரும்பாலும் வலது பக்கம் காலியாகவே கிடக்கும்.

சென்ற ஆண்டு ஒரு தம்பதி வந்திருந்தார்கள். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) மகளின் திருமணம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கணவர் இடது பக்கத்தை நிரப்பியிருந்தார். வாடகை, மளிகை, அம்மாவின் மருந்து. அவற்றுக்குக் கீழேயே, அதே கையெழுத்தில், மேடை அலங்காரம், ட்ரோன் கேமரா, விருந்தினர்களுக்குப் பரிசுப் பை.

"ட்ரோன் கேமரா எப்படி சார் தவிர்க்க முடியாத செலவு?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலு பேர் வந்து போற இடம். இல்லைன்னா எப்படி?" என்றார்.

இத்தனை வருடத்தில் என் அறைக்கு வந்த ஒருவர்கூட 'நான் ஆடம்பரமாகச் செலவு செய்துவிட்டேன்' என்று சொன்னதில்லை. ஆடம்பரம் எப்போதும் பக்கத்து வீட்டில்தான் நடக்கும். நம் வீட்டில் நடந்தால் அதற்குக் கௌரவம் என்று பெயர், கடமை என்று பெயர், 'இருக்கிறது ஒரே பெண்' என்று பெயர். அதனால் நான் அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. இன்னொரு தாளைக் கொடுத்து, "அந்த நாலு பேர் யாரென்று பெயர் எழுதுங்கள்" என்பேன்.

அவர் முதல் பெயரைச் சட்டென்று எழுதினார். அண்ணன். இரண்டாவது, அலுவலகத்தில் இன்னொரு பிரிவின் மேலாளர். மூன்றாவது, கூடப் படித்த நண்பர் ஒருவர். நாலாவதுக்குப் பேனா அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் மாடி வீட்டுக்காரரின் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, "இல்ல, அவர் அன்னிக்கு ஊர்லயே இல்ல" என்று அவரே அடித்தார். அதுவரை வாயே திறக்காத அவர் மனைவி, "மிச்சம் மூணு பேரும் வந்தாங்க. அரை மணி நேரம் இருந்தாங்க" என்றார்.

அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு பர்சனல் லோன், இரண்டு கிரெடிட் கார்டு பாக்கி, அலுவலகத்தில் வாங்கிய முன்பணம். லோன் 60 தவணை. கார்டில் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்திருக்கிறார். கட்டினால் போதும், பிரச்சினை இல்லை என்றே நினைத்திருக்கிறார். மாதம் 3 சதவீத வட்டி என்பது காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி ஏறினால் அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். குறைந்தபட்சத் தொகையில் பெரும்பகுதியை வட்டியே தின்றுவிடும், அசல் நகரவே நகராது. இதை விளக்கியபோதுதான் அவர் முகம் மாறியது.

சரி, இது ஒரு குடும்பத்தின் கதை. அவர் பணம், அவர் கடன், சமூகத்துக்கு இதில் என்ன கெட்டுப்போனது என்று கேட்கலாம். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கனடாவில் ஒரு மாகாணத்தில் லாட்டரி பரிசு விழுந்தவர்களின் அக்கம்பக்கத்து வீடுகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் ஆராய்ந்தார்கள். ஆய்வு 2020-இல் வெளியானது. பரிசு எவ்வளவு பெரிதோ, அந்தத் தெருவில் அடுத்த சில ஆண்டுகளில் திவாலானவர்களும் அவ்வளவு அதிகம். திவாலானது பரிசு பெற்றவர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். அவர்கள் திவாலாகும்போது கொடுத்த சொத்துக் கணக்கில் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வெளியே தெரிகிற வீடு, கார், மோட்டார் சைக்கிள் மாதிரியான சொத்து கூடியிருந்தது. கண்ணில் படாத சேமிப்பு கூடவில்லை.

இதை நான் தினமும் என் மேஜையில் பார்க்கிறேன். வாசலில் நிற்கும் வண்டிக்குத் தவணை தவறாது. மருத்துவக் காப்பீடு மூன்று ஆண்டுக்கு முன்பே காலாவதியாகியிருக்கும். காப்பீட்டுப் பத்திரத்தை யாரும் வரவேற்பறையில் மாட்டி வைப்பதில்லை அல்லவா? ஓய்வுக்காலச் சேமிப்பு, அவசரத்துக்கு ஒதுக்கிய பணம், பல் வலிக்குப் பார்க்க வேண்டிய வைத்தியம், இதெல்லாம் பிறர் கண்ணுக்குத் தெரியாதவை. வெட்டு விழுவது முதலில் அங்கேதான். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்போம். புலிக்குத் தழும்பு இல்லை, பூனைக்குத்தான் காயம்.

தோர்ஸ்டைன் வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1899-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்யும் நுகர்வு. பணக்காரர்களைக் கிண்டல் செய்ததாகவே அவரைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால், மிக ஏழைகள்கூட இந்தச் செலவை முழுதாக விட்டுவிடுவதில்லை என்றும் அவர் சொன்னார். என் அனுபவத்தில் அதுதான் கூடுதல் உண்மை. மேலே இருப்பவர் ஒரு படி ஏறினால், அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் அதைப் பார்த்து ஏறுகிறார். அவரைப் பார்த்து அவருக்குக் கீழே இருப்பவர். கடைசிப் படியில் இருப்பவர் முதல் பணக்காரரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவர் தன் சொந்தக்காரரைப் பார்த்துத்தான் செலவு செய்கிறார். நாலு பேர் பட்டியலில் இதுவரை ஒரு கோடீஸ்வரரின் பெயரையும் நான் பார்த்ததில்லை. அண்ணன், மைத்துனர், உடன் வேலை பார்ப்பவர், எதிர் வீடு, அவ்வளவுதான்.

இதில் எல்லோரும் ஏறுவதால் யாருக்கும் லாபம் கிடையாது. கூட்டத்தில் எல்லோரும் எக்கி நின்றால் ஒருவருக்கும் கூடுதலாக ஒன்றும் தெரியாது என்று ஃபிரெட் ஹிர்ஷ் என்ற பொருளாதார அறிஞர் 1976-இல் எழுதினார். கால் வலிதான் மிச்சம். நான் இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். எக்கி நிற்க முடியாதவர்கள் மெல்லக் கூட்டத்தைவிட்டே போய்விடுகிறார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடனைவிட இதுதான் எனக்குப் பெரிய சேதமாகத் தெரிகிறது. வசதி குறைந்த உறவினர்கள் விழாக்களுக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்டால் உடம்பு சரியில்லை, லீவு கிடைக்கவில்லை என்பார்கள். என்னிடம் வரும்போதுதான் உண்மை வெளியே வரும். "அங்கே போனா அதுக்குத் தகுந்த மாதிரி மொய் வைக்கணும், பிள்ளைங்களுக்குப் புதுத்துணி எடுக்கணும். அதைவிடப் போகாம இருக்கிறதே மேல்." ஒரு அம்மா இப்படித்தான் சொந்தத் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை. தங்கை அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மூன்று ஆண்டாகப் பேசவில்லை. அந்த அம்மாவின் கணவர் மருத்துவமனையில் கிடந்தபோது, கைமாற்று கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்தத் தங்கைதான். கேட்கவில்லை. அதிக வட்டிக்கு வெளியே வாங்கினார். அந்த வட்டிச் சீட்டுதான் என் மேஜைக்கு வந்தது.

இதை வெறும் மனத்தாங்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2015-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டுச் சோதனை நடத்தினார்கள். கலந்துகொண்டவர்கள் கையில் ஆளுக்கொரு தொகை. தன் பங்கிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சுற்றி இருப்பவர்களுக்குப் பலன் கிடைக்கும். சில குழுக்களில் எல்லோருக்கும் சமமான தொகை, சில குழுக்களில் ஏற்றத்தாழ்வு. சில குழுக்களில் அடுத்தவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியும், சிலவற்றில் தெரியாது. கூடக்குறைய இருந்தது மட்டும் ஆட்டத்தை அவ்வளவாகக் கெடுக்கவில்லை. அது கண்ணுக்குத் தெரிந்த குழுக்களில்தான் ஒருவருக்கொருவர் உதவுவது குறைந்தது, தொடர்புகள் அறுந்தன, மொத்தமாகச் சேர்ந்த செல்வமும் குறைந்தது. தங்கை வீட்டுக்குப் போகாத அந்த அம்மாதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தார்.

அலுவலகத்தில் பணப்பெட்டியைப் பொறுப்பில் வைத்திருந்த ஒரு இளைஞரும் வந்திருக்கிறார். முதல் முறை எடுத்தது சின்னத் தொகை. அடுத்த சம்பளத்தில் திருப்பி வைத்துவிட்டார். அப்புறம் வைக்க முடியவில்லை. எதற்காக எடுத்தீர்கள் என்று கேட்டால், சூதாட்டமோ குடியோ இல்லை. நண்பர்கள் போன சுற்றுலாவுக்குத் தானும் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதற்குமேல் அவர் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைப் பற்றி நான் பேசப் போகும் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழுந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பணக்காரன் செலவு செஞ்சாத்தானே நாலு தொழிலாளிக்கு வேலை கிடைக்கும்?" நியாயமான கேள்விதான், மழுப்பக் கூடாது. அமெரிக்காவில் 1991-இல் விலையுயர்ந்த உல்லாசப் படகுகள் மீது 10 சதவீத ஆடம்பர வரி வந்தது. படகு விற்பனை சரிந்தது, கட்டும் தொழிலாளர்கள் வேலை போகிறது என்று கூக்குரல் எழுந்தது, 1993-இல் வரியை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஆடம்பரத்தால் யாருக்கும் பிழைப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் உல்லாசப் படகு வாங்கியவர்கள் அல்ல. அவர்கள் செலவழித்தது உபரிப் பணம் அல்ல, வருங்காலச் சம்பளம். இன்று பூ அலங்காரக்காரருக்குப் போன பணம், அடுத்த ஐந்து ஆண்டு தையல்காரருக்கும் பல் மருத்துவருக்கும் டியூஷன் வாத்தியாருக்கும் போகாத பணம். இடையில் கொழுத்தது வட்டி மட்டும்தான்.

சட்டம் போட்டு நிறுத்தலாமே என்பவர்களும் உண்டு. அதையும் பலர் செய்து பார்த்துவிட்டார்கள். பண்டைய ரோமில் கி.மு. 215-இல், கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹன்னிபாலோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, பெண்கள் அரை அவுன்சுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது, பல வண்ண ஆடை உடுத்தக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளில், கி.மு. 195-இல், பெண்கள் தெருவில் இறங்கி எதிர்த்து அதை ரத்து செய்ய வைத்தார்கள். எனக்கு அந்தப் பெண்கள் மீதுதான் அனுதாபம். ஆண்களின் ஊதா விளிம்பு ஆடையை யாரும் தொடவில்லையே. பிற்காலத்தில் ஐரோப்பாவில் வந்த இதுபோன்ற சட்டங்கள் பலவும், கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் போல உடுத்தக் கூடாது என்பதற்காகப் போட்டவையே.

என் அனுபவத்தில் பலித்தது ஒன்றுதான். வசதி உள்ளவர் முதலில் குறைத்துக்கொள்வது. ஒரு குடும்பத்தில் நான்கு சகோதரர்கள். மூத்தவருக்கு நல்ல தொழில், கையில் பணம். தன் மகன் திருமணத்தை வீட்டளவில், நெருங்கியவர்களை மட்டும் அழைத்து முடித்துவிட்டார். கருமி என்ற பெயர் வந்தது. அவர் மனைவிக்கே வருத்தம். ஆனால் அடுத்தடுத்து வந்த மூன்று திருமணங்களும் அந்த அளவிலேயே நடந்தன, "பெரியப்பா வீட்டுலேயே இப்படித்தானே" என்று ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கடைசித் தம்பி இதையே தொடங்கியிருந்தால் 'இல்லாதவன், வேறென்ன செய்வான்' என்று போயிருக்கும். எளிமை, இருப்பவர் செய்தால்தான் மற்றவருக்கு அது வழக்கமாகிறது.

இல்லாதவர்களுக்கு நான் சொல்வது வேறு. கடைக்கோ, அலங்காரக்காரரின் ஆல்பத்தைப் பார்க்கவோ போவதற்கு முன்பே தொகையை ஒரு தாளில் எழுதிக் குடும்பத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஆல்பத்தைப் பார்த்த பிறகு எழுதும் தொகை உங்களுடையதாக இருக்காது.

முதலில் சொன்ன தம்பதி ஒழுங்காகக் கட்டி வருகிறார்கள். ஒரு கார்டை மூடிவிட்டோம். நாலு மாதம் கழித்து, அவர் வேலை பார்க்கும் அதே நிறுவனத்திலிருந்து இன்னொருவர் நேரம் கேட்டு வந்தார். வேறு பிரிவின் மேலாளர். பெயரைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய தாளின் இரண்டாவது வரி ஞாபகம் வந்தது. வீட்டுக் கடன் பாதி நிற்கிறது. மூன்று மாதத்தில் மகனுக்குத் திருமணம். அதற்கு லோன் போடலாமா என்று கேட்க வந்திருந்தார்.

கோடு கிழித்த தாளைக் கொடுத்தேன். பிறகு இன்னொரு தாளையும் கொடுத்தேன். அதில் அவர் எழுதிய முதல் பெயர், ஏழு மாதத் தவணையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருடையது. "அவர் பொண்ணு கல்யாணத்தைப் பார்த்தேன் சார். நான் சும்மா பண்ண முடியுமா?"

ஒருவரின் கணக்கை இன்னொருவரிடம் சொல்வது என் தொழிலில் கிடையாது. இடது பக்கத்தைப் பார்த்தேன். ட்ரோன் கேமரா இருந்தது.

"இது வேணுமா சார்?"

"அவங்க வீட்டுல இருந்துச்சே" என்றார்.