ஹைலக்ஸின் முன்னச்சு உருண்டைக்குள் என்ன நடக்கிறது?

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், தேங்காய் போன்ற ஓர் இரும்பு உருண்டை தெரியும். அதன்மேல் கிரீஸ் மெல்லிய படலமாகப் பூசினாற்போல் இருந்தால் கவலையில்லை. கறுப்புக் கூழ் வழிந்து, டயரின் உட்பக்கம் வரை தெறித்திருந்தால் உள்ளே ஒரு சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், போய்விட்டது என்று பொருள். துடைத்துவிட்டு ஓட்டுபவர்கள்தான் அதிகம். அந்தக் கூழ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் யாரும் அப்படி ஓட்டமாட்டார்கள்.

ஹைலக்ஸ் 1968-இல் பிறந்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும் வகை 1979-இல் வந்தது. முன்பக்கம் ஒரே நீள அச்சு, பட்டை ஸ்பிரிங். அமெரிக்காவில் 1985 மாடலோடு இந்த அச்சை நிறுத்தி, தனித்தனியாக ஆடும் முன்சக்கர அமைப்புக்கு மாறினார்கள். ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா போன்ற சந்தைகளில் எல்என்106 வகை வண்டிகளில் 1997 வரை இதுவே ஓடியது. மாருதி ஜிப்சியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கும் இதே உருண்டை பழக்கமானதுதான். அளவு சிறிது, தத்துவம் ஒன்று.

முன்சக்கரம் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது: இழுக்க வேண்டும், திரும்பவும் வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் கியர்பெட்டியான டிஃபரன்ஷியலிலிருந்து வரும் அச்சுத்தண்டு நேராக நிற்கிறது. சக்கரமோ 30 பாகைக்கு மேல் திரும்புகிறது. இரண்டையும் இணைக்கும் மூட்டு வளைந்த நிலையிலும் சுழற்சியைச் சிதறாமல் கடத்த வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கும் சாதாரண சிலுவை ஜாயிண்ட் இதற்குப் பயன்படாது. அது 30 பாகை வளைந்திருக்கும்போது, உள்ளே வரும் தண்டு நிமிடத்துக்குச் சீராக 100 சுற்று சுற்றினாலும், வெளியே போகும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 87-க்கும் 115-க்கும் இடையே ஊசலாடும். ஸ்டியரிங் கையில் துள்ளும்.

இதற்கு ஆல்ஃபிரட் ர்செப்பா என்ற பொறியாளர் 1920-களில் வடிவமைத்த மூட்டுதான் தீர்வு. டொயோட்டா வட்டாரத்தில் இதை 'பர்ஃபீல்ட்' என்பார்கள். இவ்வகை மூட்டுகளைச் செய்த பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வெளியே ஒரு கிண்ணம், உள்ளே ஒரு வளையம், இரண்டிலும் எதிரெதிராக ஆறு பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒன்றாக ஆறு எஃகுக் குண்டுகள். குண்டுகளை ஒரே தளத்தில் பிடித்து நிறுத்த ஒரு கூடு. சூட்சுமம் அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. இரண்டு தண்டுகளுக்கும் இடையே 30 பாகைக் கோணம் என்றால், குண்டுகள் இருக்கும் தளம் சரியாக நடுவே, 15 பாகையில் நிற்கும். அப்போது ஒவ்வொரு குண்டும் இரு தண்டுகளின் அச்சிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்கிறது. ஒரே தூரத்தில் ஒரே வேகத்தில் தள்ளினால் இரு தண்டும் ஒரே வேகத்தில்தானே சுற்ற முடியும்? உள்வளையப் பள்ளங்களின் வட்ட மையமும் கிண்ணப் பள்ளங்களின் வட்ட மையமும் சற்று விலக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் எதிரெதிர்ப் பள்ளங்கள் சேர்ந்து ஆப்பு வடிவில் குவிந்து, குண்டுகளை எப்போதும் அந்த நடுத்தளத்துக்கே தள்ளுகின்றன.

நேராக ஓடும்போது குண்டுகள் பள்ளத்தின் நடுவில் நிற்கும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் ஒவ்வொரு குண்டும் சுற்றுக்கு ஒருமுறை பள்ளத்தின் இரு நுனிகளுக்கும் போய்வரும். சுமை ஆறிலும் சமமாக விழாது. நுனியில், கிண்ணத்தின் விளிம்பு மெலிந்திருக்கும் இடத்தில், அழுத்தம் குவியும். பர்ஃபீல்ட் உடைகிறதென்றால் பெரும்பாலும் இங்கேதான், முழுத் திருப்பத்தில்தான்.

இனி எண்ணெய்க்கு வருவோம். அச்சுக் குழாயின் நுனியில் ஓர் உள்சீல் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் டிஃபரன்ஷியலின் கியர் ஆயில். இந்தப் பக்கம் உருண்டைக்குள் கிரீஸில் புதைந்த பர்ஃபீல்ட். உள்சீல் போனால் கியர் ஆயில் வந்து கிரீஸைக் கரைத்துக் கூழாக்கும். உருண்டையைச் சுற்றித் திரும்பி, சக்கரத்தைத் தாங்கும் கூடான நக்கிளின் பின்புறத்தில் உருண்டையைத் துடைத்தபடி ஓடும் ஃபெல்ட், ரப்பர் வளையங்கள் கெட்டியான கிரீஸைத் தடுக்கும், நீர்த்த கூழைத் தடுக்காது. வழிவதை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலின் கந்தக நெடி அடித்தால் உள்சீல். பழுப்பாகவோ பால் கலந்தது போலவோ இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

உள்சீல் ஏன் போகிறது? வயது ஒரு காரணம். பலர் கவனிக்காத காரணம், அச்சின் மேலிருக்கும் சுண்டுவிரல் நுனியளவு பிரீதர். அது வெளியே மட்டும் திறக்கும் ஒருவழி மூடி. ஓட்டத்தில் அச்சு சூடாகி உள்ளே காற்று விரியும்போது அதை வெளியேற்றுவது அதன் வேலை. சேறு காய்ந்து அது அடைத்துக்கொண்டால், விரியும் காற்று எண்ணெயைச் சீலைத் தாண்டித் தள்ளும். அது நன்றாக வேலை செய்தாலும் சிக்கல் உண்டு. 80 பாகை செல்சியஸில் இருக்கும் அச்சு ஓடையில் இறங்கி 25 பாகைக்குக் குளிர்ந்தால், காற்று எங்கும் புகாதபோது, உள்ளழுத்தம் சுமார் 16 விழுக்காடு குறையும். 1.6 மீட்டர் ஆழத் தண்ணீர் சீலை வெளியிலிருந்து அழுத்துவதற்கு அது சமம். முழங்காலளவு ஓடையைக் கடந்த வண்டியின் டிஃபரன்ஷியலில் ஆயில் பால்நிறமாக மாறுவது இதனால்தான்.

பிரிப்பதற்குமுன் ஒரு சோதனை. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் குற்றம் வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் உருண்டையின் மேலும் கீழும் இருந்து நக்கிளைத் திரும்பவிடும் கிங்பின் பேரிங்குகளில். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் இந்தப் பேரிங்கின் உருளைகள் ஒரே இடத்தில் குத்திக்குத்தி வளையத்தில் பள்ளம் விழவைக்கும். ஸ்டியரிங் நடுவில் 'டக்'கென்று உட்காருவதும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் நடுங்குவதும் இதன் அறிகுறிகள்.

ஒரு பக்கத்துக்கு நிதானமாக ஒரு நாள் ஒதுக்குங்கள். 54 மி.மீ. சாக்கெட், டார்க் ரெஞ்ச், சர்க்ளிப் பிளையர், தடித்த பித்தளைக் கம்பி, மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசு ஆகியவை தேவை. தராசு எதற்கென்று பின்னால் வரும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அச்சை ஜாக்கியில் நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, டிஃபரன்ஷியல் ஆயிலை முழுதும் வடியுங்கள்.

பிரேக் காலிப்பரைக் கழற்றி ஸ்பிரிங்கில் கம்பி போட்டுத் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே விரிசல் விடும். சக்கரத்தைத் தண்டோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் ஃப்ரீவீல் ஹப்பின் முகமூடியில் 6 போல்ட். அதை எடுத்தால் தண்டின் நுனியில் சர்க்ளிப் என்ற பிளவு வளையம். தண்டு நுனியில் உள்ள மரையில் 8 மி.மீ. போல்ட் ஒன்றை முடுக்கி வெளியே இழுத்துப் பிடித்தால்தான் சர்க்ளிப் சுலபமாக வரும். அடுத்து ஹப் உடலின் 6 நட்டுகள். நட்டுகளுக்கு அடியில் பிளவுபட்ட கூம்பு வாஷர்கள் ஸ்டட்டை இறுகக் கவ்வியிருக்கும். நெம்பினால் வராது. நட்டைப் பாதி மரையில் விட்டு, ஸ்டட் நுனியில் பித்தளைக் கம்பியை வைத்து அடித்தால் துள்ளி வரும். இரும்புக் கம்பியால் அடித்து மரையை நசுக்கியவர்கள் ஸ்டட் தேடி அலைந்திருக்கிறார்கள்.

54 மி.மீ. பூட்டு நட்டு, மடிப்பு வாஷர், உள் நட்டு, ஹப், பிறகு ஹப் சுழலும் குட்டைக் குழாயான ஸ்டப் ஆக்சிலின் 8 போல்ட். பர்ஃபீல்ட் கிண்ணத்தின் தட்டைப் பகுதி மேலே வரும்படி தண்டைச் சுழற்றினால் முழு அச்சுத்தண்டும் உருவி வந்துவிடும். இரு சக்கரங்களையும் சேர்ந்து திரும்பவைக்கும் டை ராடின் முனையைப் பிரித்து, பின்புறச் சீல் தகடுகளின் 8 போல்ட்டையும் எடுங்கள். நக்கிளின் மேலும் கீழும் உள்ள ஆர்ம் அல்லது மூடியை நான்கு நான்கு ஸ்டட்டுகள் பிடித்திருக்கின்றன, இங்கும் கூம்பு வாஷர்தான். அவற்றுக்கு அடியிலிருக்கும் ஷிம் எனும் மெல்லிய இடைத்தகடுகளை மேல், கீழ், இடம், வலம் என்று எழுதித் தனித்தனி உறையில் போடுங்கள். பேரிங்கின் இறுக்கத்தோடு, நக்கிள் அச்சின் மையத்தில் நிற்பதையும் அவைதான் தீர்மானிக்கின்றன.

கழற்றிய பர்ஃபீல்டை டீசலில் கழுவி, கூட்டைச் சாய்த்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். பள்ளத்தில் பளபளப்பான தடம் இருக்கலாம். நகத்தில் தட்டும் குழி இருந்தாலோ, கிண்ண விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அது குப்பைக்கு. லேசான தேய்மானம் என்றால் இடது பர்ஃபீல்டை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் போடலாம். முன்னோக்கி ஓடும்போது பள்ளத்தின் ஒரு சுவர்தான் சுமை தாங்குகிறது. பக்கம் மாறினால் தேயாத மறுசுவர் வேலைக்கு வரும். திருப்பத்தில் கேட்ட 'டிக் டிக்' ஓசை இதனாலேயே அடங்கிவிடுவதுண்டு.

உள்சீலைப் புதிதாக அடிக்கும்போது அதன் உதடு டிஃபரன்ஷியல் பக்கம் பார்க்க வேண்டும். தண்டில் சீல் ஓடிய இடத்தில் நகம் மாட்டும் பள்ளம் விழுந்திருந்தால், சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவையுங்கள். பழைய பள்ளத்திலேயே புதுச் சீல் ஓடினால் மறுபடி ஒழுகும். உருண்டையின் துருவை மெல்லிய எமரித் தாளால் தேயுங்கள். ஃபெல்ட், ரப்பர் வளையங்களைக் கழற்றிய வரிசையிலேயே நக்கிளுக்கு முன்னதாக உருண்டைமேல் ஏற்றிவிடுங்கள். மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

கிங்பின் பேரிங்கையும் அதன் வளையத்தையும் ஜோடியாக மாற்றி, பழைய ஷிம்களையே போட்டு, ஆர்ம் நட்டுகளை 96 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். இப்போது மீன் தராசு. பின்புறச் சீலும் தண்டும் இல்லாத நிலையில் தராசை ஆர்மின் டை ராடு துளையில் மாட்டி இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும்போது 3 முதல் 6 கிலோ காட்ட வேண்டும். குறைந்தால் ஷிம்மைக் குறைக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று விடுவதை நாம் ஏற்பதில்லை. முன்பக்க நடுக்கத்துக்கு அதிர்வைத் தணிக்கும் ஸ்டியரிங் டேம்பரை மாற்றி மாற்றிப் பணம் செலவழிப்பவர்கள் முதலில் அளக்க வேண்டிய எண் இது.

பர்ஃபீல்டுக்கும் உருண்டைக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த, என்எல்ஜிஐ 2 என்ற கெட்டித்தன்மை எண் கொண்ட லித்தியம் கிரீஸ். குண்டுகளுக்கிடையே பிதுங்கும்வரை திணித்து, உருண்டைக்குள் முக்கால் பங்கு நிரப்புங்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ ஆகும். முழுதும் அடைத்தால் சூட்டில் விரிந்து சீலைப் பிதுக்கும். ஸ்டப் ஆக்சிலுக்குள் இருக்கும் பித்தளை புஷ்ஷுக்கும் கிரீஸ் வையுங்கள், பலரும் விடுவது இது. தண்டைச் செருகும்போது அதன் முழு எடையையும் கையில் தாங்குங்கள். தாங்காவிட்டால் தண்டின் பற்கள் சீல் உதட்டில் உரசி, புதுச் சீலை அன்றைக்கே கிழித்துவிடும். வேலை முடிந்த வாரத்திலேயே ஒழுகும் வண்டிகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

வீல் பேரிங்கின் உள் நட்டை 59 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, ஹப்பைச் சுழற்றி உட்காரவைத்து, தளர்த்தி, மறுபடி இலேசாக முடுக்குங்கள். வீல் ஸ்டட்டில் தராசை மாட்டி இழுத்தால் 3 முதல் 5.5 கிலோவுக்குள் ஹப் நகர வேண்டும். பூட்டு நட்டை முடுக்கியபின் மறுபடி அளந்து, வாஷரின் ஒரு பல்லை உள்ளேயும் இன்னொன்றை வெளியேயும் மடக்குங்கள். டிஃபரன்ஷியலில் ஜிஎல்-5 தர 80டபிள்யூ-90 ஆயில், நிரப்பும் துளையில் தளும்பும்வரை.

பிரீதரை இந்த வேலையோடேயே மாற்றிவிடுங்கள். பழைய மூடியைக் கடைக்குக் கொண்டுபோய் அதே மரையில் ஹோஸ் முனை வாங்கி, எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸை இஞ்சின் அறையின் மேல்வரை ஏற்றி, நுனியில் சிறு ஃபில்டர் வைத்தால் போதும். இரு திசையிலும் காற்று போய்வரும். பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இதைவிட மலிவானது இல்லை.

பெரிய டயரை நினைப்பவர்கள் இதே மூட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். 225/75ஆர்15 டயரின் விட்டம் 28.3 அங்குலம். அதற்குப் பதில் 33 அங்குலம் போட்டால் 17 விழுக்காடு கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 117-இல் ஓடும். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் கியர் ஜோடியின் விகிதம் 4.10 என்றால், அதன் பழைய இழுவை திரும்பக் கிடைக்க 4.78 வேண்டும், கடையில் கிடைப்பது 4.88. முன்னும் பின்னும் ஒரே விகிதம் கட்டாயம். பர்ஃபீல்டின் நிலை என்ன? ஒரு முன்சக்கரத்தின்மேல் 500 கிலோ, உராய்வு 0.8 என்று வையுங்கள். பழைய டயர் வழுக்குமுன் மூட்டு தாங்க வேண்டிய முறுக்கு 1,410 நியூட்டன் மீட்டர். புதிய டயரில் 1,640. டயர் இரண்டு பாறைகளுக்கிடையே சிக்கினால் வழுக்கலே இல்லை, அந்த வரம்பும் போய்விடும். முன் டிஃபரன்ஷியலில் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரும் போட்டால், முன்னச்சுக்கு வரும் முறுக்கு முழுவதும் ஒரே சக்கரத்தின் மூட்டில் இறங்கக்கூடும். அந்த நிலைக்குப் போகிறவர்கள் 4340 குரோமோலி எஃகில் செய்த மூட்டும் தண்டும் போடுவதுதான் முறை. அதற்குப் பணம் இல்லையென்றால் பின்பக்க லாக்கரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிக்கிக்கொண்ட இடத்தில் ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்குச் செலவே இல்லை.

500 கிலோமீட்டர் ஓடியபின் ஆர்ம் நட்டுகளை மீண்டும் 96-க்குச் சோதியுங்கள். கூம்பு வாஷர்கள் உட்கார்ந்து ஸ்டட் தளர்வது இயல்பு. பெரிய டயரில் தளர்ந்த ஸ்டட்டுகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டால், ஸ்டியரிங் ஆர்ம் நக்கிளை விட்டே பிரிந்துவிடும்.