கழுவிய ஆசிட் டேங்க் காலியானது இல்லை

உர ஆலையில் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே கந்தக அமிலம் தண்ணீர் மாதிரி புழங்கும். பாஸ்பேட் பாறையைக் கரைக்க அதுதான் வேண்டும். உலகில் தயாராகும் கந்தக அமிலத்தில் பெரும்பங்கு இப்படி உரத்துக்கே போகிறது.

புதிதாக வருகிற பையன்கள் 98 சதவீத ஆசிட்டைக் கண்டு நடுங்குவார்கள். நடுங்க வேண்டியதுதான், தோலில் பட்டால் வெந்து கருகிவிடும். ஆனால் இரும்புக்கு எமன் அது இல்லை, தண்ணீர் கலந்த ஆசிட்தான்.

அடர் ஆசிட்டைச் சாதாரண மைல்டு ஸ்டீல் டேங்கிலேயே வைக்கலாம். உள்சுவரில் இரும்பு சல்பேட் படலம் படிந்து, மேற்கொண்டு அரிக்காமல் தடுத்துவிடும். அந்தப் படலம் தண்ணீரில் கரையும். டேங்கை வடித்துவிட்டு ஹோஸ் பிடித்துக் கழுவினால் படலமும் போகும், மிச்சமிருக்கும் ஆசிட்டும் நீர்த்துப்போகும். அப்புறம் அது இரும்பைத் தின்னும், ஹைட்ரஜன் கிளம்பும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், தீப்பிடித்து வெடிக்கும்.

ஒருமுறை, கழுவி இரண்டு நாள் கிடந்த டேங்கில் குழாய் ஒட்ட வெல்டர் தயாராக நின்றார். "சார், நல்லா கழுவியாச்சு, உள்ள ஒண்ணும் இல்ல." வாயு மீட்டரின் குழாயை மேன்ஹோலுக்குள் விட்டதும் அலாரம் அலறியது. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் ஒரு சாண் சேறு, ஆசிட்டில் ஊறிக் கிடக்கிறது. அன்றைக்கு நான் வெல்டிங்குக்கு அனுமதி தரும் பெர்மிட்டில் கையெழுத்துப் போடவில்லை. வெல்டர் முகம் சுளித்தார், பரவாயில்லை.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பதும் இதே அமிலம், நீர்த்தது. சார்ஜ் ஏறும்போது அங்கேயும் ஹைட்ரஜன் வரும். மூடியைத் திறந்து லைட்டர் வெளிச்சத்தில் தண்ணீர் அளவு பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டாம்.

அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று: ஆசிட்டில் தண்ணீர் பட்டால் கொதிக்குமே, உடம்பில் பட்டால் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? ஒரு குவளை ஊற்றினால் சூடு ஏறும், உண்மைதான். வெள்ளமாகக் கொட்டினால் ஆசிட்டோடு சூட்டையும் அடித்துக்கொண்டு போய்விடும். உடையைக் கழற்றிவிட்டு 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் நில்லுங்கள், பிறகு ஆஸ்பத்திரி. சோடா உப்பெல்லாம் தேய்க்காதீர்கள். ஷிப்ட் ஏறியதும் சேஃப்டி ஷவரைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நான் டேங்க் பக்கமே போவேன்.