‘என்னடா லுக்கு?’

சைதாப்பேட்டை பஸ் ஸ்டாப், மாலை நாலரை மணி, பள்ளி விட்ட கூட்டம். ஒருவன் பை இன்னொருவன் தோளில் இடிக்கிறது. இடித்தவன் திரும்பிப் பார்க்கிறான். “என்னடா லுக்கு?” அவ்வளவுதான், சட்டைக் காலர் கைக்கு வந்துவிடும்.

இந்தக் கோபம் எங்கே பிறந்தது? இடியில் இல்லை. ‘வேணும்னே இடிச்சான்’ என்று மனம் அரை நொடியில் எழுதிவிட்ட தீர்ப்பில். அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவர்கள் அடுக்கிக்கொண்டிருந்த புதிரை வேறொரு பையன் கலைத்ததாக நம்பவைத்தார்கள். கெட்ட எண்ணமோ நல்ல எண்ணமோ தெளிவாகத் தெரிந்தபோது, முரட்டுப் பையன்களும் மற்றவர்களும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். எண்ணம் புரியாதபோதுதான் வித்தியாசம். முரட்டுப் பையன்கள் அதைப் பகையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் கோபத்தை அடக்கச் சொல்வதைவிட, அந்தத் தீர்ப்பைத் தள்ளிப்போடப் பழக்குவதே இன்றைய உளவியல் பயிற்சிகளின் வேலை. சிகாகோ பள்ளிகளில் ஒரு விளையாட்டு உண்டு. இருவரில் ஒருவன் கையில் பந்து. முப்பது விநாடிக்குள் மற்றவன் அதை வாங்க வேண்டும். பெரும்பாலும் விரலைப் பிடித்து இழுத்து, மல்லுக்கட்டுவார்கள். முடிந்ததும் பயிற்சியாளர் கேட்பார்: “கொடுன்னு ஏன் கேக்கலை?” இந்த விளையாட்டு இடம்பெற்ற பயிற்சி நடந்த காலத்தில், அதில் சேர்ந்த மாணவர்களின் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. முடிந்த பிறகு அந்தப் பலன் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, தலையணையைக் குத்தினால் கோபம் தீராதா? தீராது. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் 600 மாணவர்களை வைத்துச் சோதித்தார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைவிடக் குறைவாக இருந்தது. 154 ஆய்வுகளைத் தொகுத்த 2024-ஆம் ஆண்டு அலசலும் அதையே சொல்கிறது: உடலின் படபடப்பைத் தணிக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம் போன்றவை உதவுகின்றன, ஓடுவது உதவவில்லை. ஆனால் பந்து விளையாட்டு உதவியது. (பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு வாத்தியார்கள் மன்னிக்கவும்.)

பள்ளி ஆலோசகர் இதையெல்லாம் நாடகமாக ஆடவைப்பார். அதே பஸ் ஸ்டாப், அதே இடி. முதலில் மூச்சை மெதுவாக விட வேண்டும்; அப்புறம், அவன் ஏன் பார்த்தான் என்பதற்கு மூன்று காரணம் சொல்ல வேண்டும். முதல் காரணம் எப்போதும் “திமிரு சார்” தான். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிப்பான். மூன்றாவதுக்கு வரும்போது வகுப்பே சிரித்திருக்கும்: “பின்னாடி வந்த பஸ் நம்பரைப் பாத்திருப்பான் சார்.”