லாக் ஃபைலை அழித்தால் சரியாகிவிடுமா?

ஒரு வாசகர் கேட்டிருந்தார். அலுவலகத்தின் நாலு புராஜெக்ட்டுக்கும் பொதுவான பட்டன், ஃபார்ம் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக்கி, உள் ரெஜிஸ்ட்ரியில், அதாவது பேக்கேஜ்களைச் சேமித்துக் கொடுக்கும் தங்கள் சர்வரில், வைத்திருக்கிறார்களாம். ஒருநாள் திடீரென்று 'ஈஇன்டெக்ரிட்டி' என்று பிழை காட்டி இன்ஸ்டால் நின்றுவிட்டது, எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலை அழித்ததும் ஓடியது. ஏன்?

என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி. அதன் பேக்கேஜ் என்பது கோப்புகளை டார் என்ற கருவியில் கட்டி ஜிசிப் என்ற கருவியில் சுருக்கிய ஒரே கோப்பு, அவ்வளவுதான். வெர்டாச்சியோ மாதிரி ஒரு ரெஜிஸ்ட்ரியை நம் சர்வரிலேயே ஓட்டினால் பேக்கேஜ் வெளியே போகாது. சரி, இதெல்லாம் தெரிந்ததுதான்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. அந்தச் சுருக்கிய கோப்பிலிருந்து ஷா-512 என்ற முறையில் கணக்கிட்ட கைரேகை, 88 எழுத்துகளாக லாக் ஃபைலில் பதிவாகிறது. அப்புறம் யார் கணினியில் இறக்கினாலும் என்பிஎம் கைரேகையை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறது. உள்ளே ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் 512 பிட்டில் ஏறக்குறைய பாதி புரண்டுவிடும், கிட்டத்தட்ட பொருந்துகிறது என்ற பேச்சே கிடையாது. இதில் ஒரு சிக்கல்: டார் ஒவ்வொரு கோப்பின் தேதியையும் சேர்த்தே எழுதும், அப்படியானால் ஒரே நிரலை இன்றும் நாளையும் கட்டினால் இரண்டு கைரேகை வர வேண்டுமே? அதற்காகவே என்பிஎம் கட்டும்போது எல்லாக் கோப்புக்கும் 1985 அக்டோபர் 26 என்ற ஒரே தேதியைப் போட்டுவிடுகிறது. ஒரு பேக்கேஜை எடுத்து டார் கட்டளையில் பட்டியல் போட்டுப் பாருங்கள், வரிசையாக 1985 நிற்கும். முதல்முறை பார்த்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லாருக்கும் திறந்த பொது என்பிஎம் ரெஜிஸ்ட்ரியில் ஒருமுறை வெளியிட்ட பதிப்பு எண்ணை, நீக்கினாலும் மறுபடி பயன்படுத்த முடியாது. தனி ரெஜிஸ்ட்ரிகள் பலவற்றில் முடியும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நண்பர் பட்டனின் நீலத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கி, 1.4.2-ஐ நீக்கி, அதே 1.4.2 என்றே ஏற்றிவிட்டார். மறுநாள் காலை எல்லார் திரையிலும் இதே பிழை, வேண்டிய கைரேகை ஒன்று, வந்தது வேறொன்று. வாசகர் அலுவலகத்திலும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

லாக் ஃபைலை அழிப்பது எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவது மாதிரி ஒரு நம்பிக்கையாகிவிட்டது, எனக்கு அதில் கோபம் உண்டு. அழித்தால் பழுது தீர்வதில்லை, ஒப்பிட வேண்டிய கைரேகைதான் போய்விடுகிறது. 2021-இல் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர், நிறுவனங்களின் உள் பேக்கேஜ் பெயர்களிலேயே பெரிய பதிப்பு எண் போட்டு பொது ரெஜிஸ்ட்ரியில் ஏற்றி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட இடங்களில் தன் நிரலை ஓட வைத்துக் காட்டினார். லாக் ஃபைல் இல்லாத இன்ஸ்டால் இப்படி வெளியிலிருந்து வரும் புதுப் பதிப்புக்குக் கதவைத் திறந்துவிடும்.

அதனால் பேக்கேஜ் பெயருக்கு முன்னால் @ போட்டு நிறுவனப் பெயரை ஸ்கோப்பாக வையுங்கள், அந்த ஸ்கோப் உள் ரெஜிஸ்ட்ரிக்குத்தான் போக வேண்டும் என்று என்பிஎம்மின் அமைப்புகளை எழுதும் என்பிஎம்ஆர்சி கோப்பில் ஒரு வரி எழுதுங்கள், பொது என்பிஎம்மிலும் அந்தப் பெயரைப் பிடித்து வையுங்கள். நிறம் மாறினாலும் சரி, 1.4.3 என்று ஏற்றுங்கள்.