சிவராத்திரிக்கு அடுத்த வாரம் வருகிற முட்டிகள்

எங்கள் பிசியோதெரபி கிளினிக் பெங்களூரு அல்சூரில் முதல் மாடியில் இருக்கிறது. சிவராத்திரி முடிந்த வாரம் ஒரு கூட்டம் வரும். ஏறும்போது சமாளித்துவிடுவார்கள். திரும்பிப் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவார்கள். எல்லாரும் தர்மஸ்தலா மஞ்சுநாதர் கோயிலுக்குப் பாதயாத்திரை போய்வந்தவர்கள். நெலமங்கலா, குணிகல், ஹாசன், பேலூர், மூடிகெரே என்று 200 கிலோமீட்டருக்கு மேல் நன்றாகத்தான் நடந்திருப்பார்கள். எங்கே வலி ஆரம்பித்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: கொட்டிகெஹாராவைத் தாண்டி, சார்மாடி காட் என்ற மலைச்சாலை இறக்கத்தில்.

இந்த வருடம் வந்த ஒரு பையன்தான் இதை எழுத வைத்தான். ஜிம் போகிற உடம்பு. கடைசி நாள் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று காட் ரோட்டில் பாதி தூரம் ஓடியே இறங்கியிருக்கிறான். தொடை கல் மாதிரி வீங்கியிருந்தது. சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டேன். "கோலா மாதிரி போகுது சார், சூடு பிடிச்சிருக்கும்" என்றான். சூடு இல்லை தம்பி. தசை சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து கிட்னி வழியாகப் போகிற நிறம் அது. தொடைக்குக் கை வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

"இறக்கம்தானே சார்!" வருடா வருடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. இறக்கத்தில் மூச்சு வாங்காது, இதயம் படபடக்காது. அதனால் சுலபம் என்று நினைக்கிறீர்கள். சுலபம் நுரையீரலுக்கு. தொடைக்கு இல்லை. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை முழு எடையையும் பிடித்துக்கொண்டே நீள வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போட வேண்டும். தசை நார் அதிகம் கிழிவது அப்படி நீளும்போதுதான். முட்டிச் சில்லு மேல் விழுகிற அழுத்தமும் சமதரையில் நடப்பதைவிடப் பல மடங்கு. வலியோ அன்றைக்கே முழுசாகத் தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். ஆகவே "அன்னிக்கு நல்லாத்தான் இருந்தேன்" என்பது எனக்கு ஒரு சாட்சியமே இல்லை. லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டும் வராதீர்கள். அது நடந்து முடித்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற சமாச்சாரம்.

"தினமும் ஏரியைச் சுத்தி நடந்து பழகினேனே" என்பார்கள். அல்சூர் ஏரியும் லால்பாக்கும் பெரும்பாலும் சமதரை. அங்கே நடந்தால் இறக்கத்துக்கு என்ன பழக்கம் வரும்? யாத்திரைக்கு முந்தின ஒன்றிரண்டு மாதம், வாரம் ஒரு தடவை உங்கள் அபார்ட்மென்ட்டிலேயே லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள். ஆமாம், உலகமே சொல்வதற்குத் தலைகீழாக. இறங்கிப் பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு கிழியாது.

அடுத்து வலி மாத்திரை. கடைசி நாள்தானே என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையறாவை ஆளுக்கு ஆள் மிட்டாய் மாதிரி நீட்டுகிறார்கள். மாசி வெயில், தண்ணீர் குறைந்த உடம்பு, கிழிந்த தசை. அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் கிட்னிக்கு ஆபத்து. அதோடு, "நில்" என்று முட்டி சொல்வதை நீங்களே வாயை அடைத்துவிட்டு இன்னும் இருபது கிலோமீட்டர் நடக்கிறீர்கள்.

காட் ரோடு இறக்கத்தில் சின்ன அடியாக வையுங்கள், முட்டியை லேசாக மடக்கியே வையுங்கள், கையில் ஒரு கம்பு இருக்கட்டும். ஷூ போடுகிறவர்கள் கணுக்கால் பக்கத்து லேஸை இறுக்கிக் கட்டுங்கள், நகத்தை முன்னாடியே வெட்டுங்கள். கறுத்த கட்டைவிரல் நகத்தை எனக்குக் காட்ட வேண்டாம். லாரி வருகிற வளைவுகளில் இருட்டில் நடக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்தும் "வலிக்கவே இல்லை" என்றால் அது அருள் இல்லை, கால் மரத்திருக்கிறது. மணிக்கொரு தடவை பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் உடைந்திருந்தால் நேத்ராவதி ஆற்றில் காலை நனைக்க வேண்டாம், தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

முடியவில்லையா, வண்டியில் ஏறுங்கள். கோயிலுக்குப் பக்கத்து ஊரான உஜிரெ வரை வந்துவிட்டோமே என்று பல்லைக் கடிக்காதீர்கள், உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். மஞ்சுநாதர் மிச்ச கிலோமீட்டரைக் கேட்கப்போவதில்லை.

தரிசனம் முடிந்ததும் அப்படியே ராத்திரி பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்து பெங்களூரு வருகிறீர்களே, அங்கேயும் கவனம் வேண்டும். தண்ணீர் குடியுங்கள், கணுக்காலை ஆட்டிக்கொண்டே வாருங்கள், வண்டி நின்றால் இறங்கி நாலு அடி நடங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்து வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவாதீர்கள், எங்களிடமும் வராதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.